நாரியைக் காப்போம்
(ஆண்டுவிழாவில் நிகழ்த்திய பேச்சு)



நமது கடற்கரையில் வீச்சுவலை வீசுபவரைக் கவனித்திருப்பீர்கள். அவர் கையால் மட்டும் வீசுவதில்லை. காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, அதன் பின்னரே தோளையும் கையையும் விடுகிறார். வலை வட்டமாய் விரிவது அந்தத் திருப்பத்தினால். பந்து வீசுபவனுக்கும், ஈட்டி எறிபவனுக்கும், கரப்பந்தை அடிப்பவனுக்கும் இதுவே விதி.

நிலத்தை உதைத்துப் பெறும் பலம் கால், இடுப்பு, மார்பு, தோள் என்று படிப்படியாகக் கைக்கு ஏறுகிறது. நடுவுடல் தளர்ந்திருந்தால் அப்பலம் வழியிலே சிந்திப்போகும். அக்குறையை ஈடுசெய்யத் தோளும் நாரியும் அளவுக்கு மீறி உழைக்கும். அங்கேதான் காயம் பிறக்கிறது.

இதை நான் நூலில் மட்டும் படிக்கவில்லை. மிஷன் பாடசாலையிற் படித்த காலத்தில் வேகப்பந்து வீசினேன். ஓடினேன், தண்டால் எடுத்தேன். நடுவுடலுக்கென ஒரு பயிற்சியும் செய்ததில்லை. நாரி நோவை வீட்டாருக்கு மறைத்தேன். ஈற்றில் எலும்பிலே வெடிப்பு என்றார் வைத்தியர். ஒரு பருவம் முழுவதும் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்தேன்.

நாரி எலும்புகள் முறுகுவதற்கு அமைந்தவை அல்ல. அங்கே ஒவ்வொரு மூட்டும் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 2 பாகையே திரும்பும். திரும்ப வேண்டியவை இடுப்பு மூட்டுகளும் மார்புப் பகுதியுமே. வயிற்றின் இருபக்கச் சாய்தசைகள் அத்திருப்பத்தைச் செலுத்தவும் வேண்டும். வேளையறிந்து நிறுத்தவும் வேண்டும்.

ஆகவே முதலிற் பழக வேண்டியது நிறுத்தும் வலிமை. ஒரு றப்பர் பட்டியைத் தூணிற் கட்டி, அதற்குப் பக்கவாட்டில் நின்று, இரு கைகளாலும் பிடித்து நெஞ்சுக்கு நேரே நீட்டுங்கள். பட்டி உடலைத் திருப்பப் பார்க்கும், திரும்பாமல் நில்லுங்கள். இது கைவந்தபின் 2 அல்லது 3 கிலோ எடையுள்ள பந்தை இடுப்பைத் திருப்பிச் சுவரில் எறியுங்கள். நம் முன்னோர் சுழற்றிய கரலாக்கட்டையும் இவ்வகையைச் சேர்ந்ததே. வாரம் மூன்று நாள், பத்து நிமிடம் போதும். இரு பக்கமும் சமமாகச் செய்தல் வேண்டும்.

1954இல் தொண்டைமானாறு நவரத்தினசாமி அவர்கள் நமது கரையிலிருந்து கோடிக்கரைக்கு நீந்தினார். 1971இல் நம்மூர் ஆழிக்குமரன் ஆனந்தன் அவர்கள் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்தித் திரும்பினார், 51 மணித்தியாலம்! நிமிடத்துக்கு 40 கைவீச்சு என்று வைத்தாலும் ஓர் இலட்சத்தைத் தாண்டும். உடலை உருட்டி நீந்தாமல் தோளை மட்டும் நம்பினால் எந்தத் தோள் அதைத் தாங்கும்?

பயிற்சி காயத்தைக் குறைக்குமேயன்றி அடியோடு ஒழிக்காது. ஆதலால் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம்: பிள்ளை நாரி நோகிறது என்றால் சோம்பல் என்று ஏசாதீர்கள். தம்பிமாரே, தங்கைமாரே, நோவை மறைப்பது வீரமன்று. நாளை மாலை மைதானத்தில், பந்தைத் தொடுமுன், இந்தப் பத்து நிமிடத்தை ஒன்றாகத் தொடங்குவோம்.