சிறுநீரக இழையமும் நுணுக்குக்காட்டியும்



எங்களிற் பலர் நுணுக்குக்காட்டியில் முதன்முதலாகக் கண்வைத்தது இக்கல்லூரி ஆய்வுகூடத்திலேதான். வெங்காய உரியை வைத்துவிட்டு, “பிள்ளையள், கண்டதைக் கீறுங்கோ, புத்தகத்தில இருக்கிறதைக் கீறாதேங்கோ” என்பார் எங்கள் ஆசிரியை. இன்று நோயியற்றுறையிற் பணிசெய்யும் எங்களுக்கு அதுவே அன்றாட விதி.

ஆனால், கண்டதை மட்டும் எழுதினாற் போதாத நோயொன்று உண்டு. பிள்ளையின் முகமும் காலும் வீங்கும். சிறுநீரோடு புரதம் பெருமளவில் வெளியேறும். பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஸ்டீரொயிட் மருந்தோடு வீக்கம் வடிந்துவிடும். வடியாதபோது சிறுநீரகத்திலிருந்து ஊசியால் சிறு துண்டெடுத்து, போமலினிற் பதப்படுத்தி, பரபின் மெழுகிற் பதித்து, மெல்லிய சீவல்களாக்கிப் பார்ப்போம். கலன்கோளங்கள் சுகமானவை போலவே தெரியும். ‘மினிமல் சேஞ்ச்’ நோய் என்ற பெயரே அதனால் வந்தது. “ஒண்டுமில்லையெண்டால் பிள்ளை ஏன் வீங்குது, டொக்டர்?” என்று தாய் கேட்பார்.

மாற்றம் இருக்கத்தான் செய்கிறது. கலன்கோளத்தின் மயிர்க்குழாய்களைப் பற்றியிருக்கும் கலங்களின் நுண்பாதங்கள் தட்டையாகி ஒன்றித்துப்போகின்றன. சுகமான நிலையில் அப்பாதங்களுக்கு இடையேயுள்ள வெளி சுமார் 40 நானோமீற்றர். ஏறத்தாழ 200 நானோமீற்றரிலும் நெருங்கிய இரு புள்ளிகளைச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டி பிரித்துக் காட்டாது. 1873இல் எர்ன்ஸ்ற் அபே விளக்கிய எல்லை அது. எனவே இலத்திரன் நுணுக்குக்காட்டியை நாடவேண்டும். அது விலைகூடியது, எல்லா வைத்தியசாலைகளிலும் கிடையாது.

2015இல் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வாளர்கள் வேறு வழி கண்டனர். பிம்பத்தைப் பெருப்பிப்பதோடு நில்லாமல் இழையத்தையே பெருப்பித்தனர். குழந்தைகளின் டயப்பரில் நீரை உறிஞ்சும் வகைப் பொருளை இழையத்துள் ஊறவைத்து ஜெலியாக்கி, இழையத்தை இளக்கி, நீர் சேர்த்தால் அது எல்லாப் பக்கமும் ஏறத்தாழ நாலரை மடங்கு விரியும். நெருங்கிக் கிடந்தவை விலகித் தெரியும். போமலினிலும் மெழுகிலும் பாதுகாத்த மருத்துவ மாதிரிகளுக்கும் இம்முறை பொருந்தும் என்பதையும், இச்சிறுநீரக நோயை ஒளி நுணுக்குக்காட்டியாலேயே இனங்காணலாம் என்பதையும் 2017இல் காட்டினர்.

இலத்திரன் நுணுக்குக்காட்டியின் இடத்தை இம்முறை இன்னும் பிடித்துவிடவில்லை. ஆயினும் அலுமாரியிலுள்ள பழைய மெழுகுக்கட்டிகளை நாங்கள் முடிந்த கணக்காக நினைப்பதில்லை.

மாணவச் செல்வங்களே, கண்டதையே கீறுங்கள். காணாததை ‘இல்லை’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தத் தாய்க்கு நாங்கள் சொல்லவேண்டிய பதில் அதிலேதான் தங்கியிருக்கிறது.