உறைந்த ஏரியில் ஒரு கூடாரம்

4 பாகை சென்டிகிரேடில்தான் நீர் மிகுந்த அடர்த்தி பெறுகிறது என்று பல ஆண்டுகள் கரும்பலகையில் எழுதியவன் நான். அதன் பொருளைக் கண்ணால் கண்டது, ஓய்வு பெற்றபின், அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மில் லாக்ஸ் ஏரியில்தான். மேலே பனிக்கட்டி, அடியில் உறையாத நீர், அதில் உயிருள்ள மீன்கள்!

என்னை அழைத்துச் சென்ற பழைய மாணவர் முதலில் துளையிட்டுப் பனிக்கட்டியின் கனத்தை அளந்தார். ஆள் நடக்க, தெளிந்த புதுப் பனிக்கட்டி 4 அங்குலமாவது இருத்தல் வேண்டும். பின்னர், சறுக்குவண்டியில் இழுத்துவந்த துணிக்கூடாரத்தைச் சில நிமிடங்களில் விரித்து நிறுத்தினார். மீன் அகப்படாவிடில் மடக்கிக்கொண்டு வேறிடம் போகலாம்; கனத்த மரக்குடிலை அவ்வளவு எளிதில் நகர்த்த இயலுமா?

உள்ளே எரிவாயு அடுப்பின் கதகதப்பு சுகமாயிருந்தது. அவரோ கூடாரத்தின் காற்றுத்துளையைத் திறந்தார்.

"மூடிவிடப்பா, குளிர்கிறது" என்றேன்.

"ஐயா, அடைபட்ட இடத்தில் அடுப்பெரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும், அதற்கு மணமில்லை, ஆளைக் கொல்லும் என்று கற்பித்தது தாங்கள்தாமே?"

நாணத்துடன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். மாலைவரை துளை திறந்தே இருந்தது. மீன்தான் ஒன்றும் சிக்கவில்லை.