விமானம் பறக்கும் முன் இடப்படும் கையொப்பம்



திருப்பதிக்கு வரும் பயணிகள் ரேணிகுண்டா விமான நிலையத்தில் இறங்கியதும் மலையை நோக்கி விரைகின்றனர். அவர்கள் இறங்கிய விமானத்தைச் சுற்றி அப்போது வேறு சிலரின் வேலை தொடங்குகிறது. டயரின் தேய்மானம், பிரேக், எண்ணெய்க் கசிவு, பறவை மோதிய தடம் எனப் பராமரிப்பு ஊழியர்கள் ஒவ்வொன்றாகப் பார்க்கின்றனர். விமானி எழுதிவைத்த பழுதுக் குறிப்புக்கு விடை காண்கின்றனர். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் விமானம் திரும்பிப் பறக்க வேண்டும்.

பழுது நீக்கியபின் உரிமம் பெற்ற பொறியாளர் கையொப்பமிட்டால்தான் விமானம் பறக்கலாம். எஞ்சினுக்கும் உடற்பகுதிக்கும் பி1 உரிமம். மின்னணுக் கருவிகளுக்குப் பி2. ‘ஏ’ உரிமம் எளிய பணிகளுக்கு மட்டுமே உரியது.

2022 ஜூலையில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் திடீர்ச் சோதனைகள் நடத்தியது. பழுதின் காரணம் சரியாகக் கண்டறியப்படுவதில்லை. சில கருவிகள் இயங்காத நிலையிலேயே விமானத்தை அனுப்புவது அதிகரித்துள்ளது. இடைநிலையங்களில் ‘ஏ’ உரிமத்தாரருக்கு அடிக்கடி தற்காலிக அதிகாரம் தரப்படுகிறது என்று அது கண்டது. பி1, பி2 உரிமம் பெற்றோரே விமானத்தை விடுவிக்க வேண்டுமென ஆணையிட்டது. ஆட்குறைப்பால் கிடைக்கும் லாபம் பயணியின் உயிரைப் பணயம் வைத்தே ஈட்டப்படுகிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே மாதத்தில் ஐதராபாத்திலும் டெல்லியிலும் இண்டிகோ டெக்னீஷியன்கள் குறைந்த ஊதியத்தை எதிர்த்து ஒட்டுமொத்தமாக மருத்துவ விடுப்பில் சென்றனர். இவ்விரு செய்திகளையும் பிரித்துப் பார்க்க முடியாது.

அமெரிக்காவின் அனுபவமும் இதையே உணர்த்துகிறது. 1997இல் அலாஸ்கா ஏர்லைன்ஸ் விமானம் ஒன்றின் வால்பகுதித் திருகுத்தண்டில் தேய்மானம் எல்லையைத் தொட்டுவிட்டதைக் கண்ட மெக்கானிக், அந்தப் பாகத்தை மாற்றும்படி எழுதினார். அடுத்த ஷிப்டில் மறுபடி அளந்து, பாகத்தை மாற்றாமலே விமானத்தை அனுப்பினர். கிரீஸ் இடும் இடைவெளியும் நீட்டிக்கப்பட்டிருந்தது. 2000 ஜனவரி 31 அன்று அவ்விமானம் கடலில் விழுந்து 88 பேர் மாண்டனர்.

2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடாவிடம் ஒப்படைக்கப்பட்டது. பராமரிப்புப் பிரிவான ஏஐஇஎஸ்எல் அரசிடமே நின்றது. அதையும் விற்பதே ஒன்றிய அரசின் திட்டம். அனுபவமிக்க கைகளைப் பொதுத்துறையிலிருந்து அகற்றிவிட்டுப் பாதுகாப்பை எங்கே தேடுவது?

இத்தொழிலுக்கு வர விரும்பும் சித்தூர், திருப்பதி மாவட்டத்து ஏழை இளைஞர்களுக்கு அரசுப் பயிற்சி வேண்டும். ஒப்பந்த முறைக்கு மாற்றாக நிரந்தர வேலை வேண்டும். சிறிய நிலையமானாலும் ஒவ்வொரு ஷிப்டிலும் தகுதியுள்ள பொறியாளர் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, “இந்த விமானம் பறக்கக் கூடாது” என்று மறுக்கும் தொழிலாளியின் வேலைக்குச் சட்டப் பாதுகாப்பு வேண்டும். அஞ்சாமல் மறுக்க முடிந்தவர் இடும் கையொப்பத்தை நம்பித்தான் மக்கள் விமானம் ஏற முடியும். அந்த உரிமையைத் தொழிற்சங்கமே பெற்றுத்தரும்.