ஆயிரம் லிங்க் வேண்டாம், அஞ்சு போதும்

(கூட்டமைப்பின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பேசியது)



எனக்குக் கொடுத்த தலைப்பு நம்ம வெப்சைட். "நீதானே எப்பப் பார்த்தாலும் போனை நோண்டிக்கிட்டு இருக்கே, நீயே பேசு"ன்னு தலைவி அக்கா சொல்லிட்டாங்க. நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. என் நாத்தனார் மகன் கோயமுத்தூரில் இந்த வேலைதான் பார்க்கிறான். அவன்கிட்ட கேட்டும், நானே தட்டித் தடவிப் பார்த்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இன்றைக்குத் தீர்மானப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு தீர்மானம் வருது. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி எல்லாருக்கும் விஷயம் புரியணும், அதுக்குத்தான் இந்தப் பேச்சு.

வெப்சைட் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகுது. பூண்டு ஊறுகாய், தாண்டிக்குடி மிளகு, காப்பித்தூள், சுக்குமல்லிப் பொடி எல்லாத்தையும் படத்தோட போட்டிருக்கோம். பார்க்க வர்றவங்க யாருன்னு பார்த்தா, பாதிக்கு மேல நம்ம வீட்டு ஆளுங்கதான்! (சிரிக்காதீங்க, நானே ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்க்கிறேன்.) இப்ப ஒருத்தர் வந்து, "15,000 ரூபாய் கொடுங்க, 1,000 லிங்க் போட்டுத் தர்றேன், ஒரே மாசத்துல கூகுள்ல முதல் பக்கத்துக்கு வந்துரும்"னு சொல்லியிருக்கார். கூட்டமைப்புப் பொது நிதியிலிருந்து அதைக் கொடுக்கலாமா என்பதுதான் தீர்மானம். நான் வேண்டாம்ங்கிற கட்சி.

முதல்ல லிங்க்னா என்னன்னு பார்ப்போம். ஒரு வெப்சைட்டில் இருக்கிற ஒரு வார்த்தையைத் தொட்டால் வேற ஒரு வெப்சைட்டுக்குக் கொண்டுபோய் விடுதில்லையா, அந்த வழிதான் லிங்க். நம்ம ஊர் பஸ் ஸ்டாண்டையே எடுத்துக்குங்க. மதுரை, திண்டுக்கல் பக்கத்திலிருந்து கொடைக்கானல் போறவங்க நம்ம ஊரைத் தாண்டித்தான் மலை ஏறுறாங்க. அதுல ஒருத்தர் இறங்கி, "நல்ல ஊறுகாய் எங்கேண்ணே கிடைக்கும்"னு டீக்கடைக்காரரைக் கேட்கிறார். அவர் சந்துக்குள்ள இருக்கிற நம்ம கடையைக் கை காட்டுறார். அந்தக் கை காட்டுறதுதான் லிங்க். கடை சந்துக்குள்ள இருந்தாலும் ஆள் வந்து சேர்றது அதனாலதான்.

கூகுள் 1998-ல் ஆரம்பித்த கம்பெனி. லாரி பேஜ், செர்கே பிரின் என்று அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் படித்த ரெண்டு மாணவர்கள் ஆரம்பித்தது. ஒரு பக்கத்தில் என்ன எழுதியிருக்குன்னு மட்டும் பார்க்காம, அந்தப் பக்கத்தை எத்தனை பேர் கை காட்டுறாங்க, காட்டுறவங்க யாருன்னும் பார்க்கணும் என்பதுதான் அவங்க யோசனை. இன்னைக்குக் கூகுள் இன்னும் நிறைய விஷயங்களைப் பார்க்குது. ஆனா இந்த அடிப்படை போகலை.

இது நமக்குப் புதுசே இல்லை. உள்கடன் கேட்டுப் புதுசா ஒருத்தி வர்றா. "அவளை எனக்குத் தெரியும், ஒழுங்காக் கட்டுவா"ன்னு யாராவது சொல்லணும். சொல்றது இருபது வருஷமாத் தவணை தவறாத ஒரு அக்கான்னா, நாம மறுபேச்சு பேசுறதில்லை. வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் "எனக்குத் தெரியும்"னு சொல்ற ஆள்னா, அந்த வார்த்தைக்கு என்ன மரியாதை? அந்த ரெண்டு மாணவர்கள் போட்ட கணக்கும் இப்படித்தான். ஒரு பக்கம் ரெண்டு பேரைக் கை காட்டினா, அதோட மதிப்பு ஆளுக்குப் பாதி போகும். 200 பேரைக் காட்டினா, 200 பங்காப் பிரியும். பிரிச்சுப் பார்த்தா ஒரு வெத்தலைக் காம்பு அளவுகூட வராது. அந்த ஆள் தர்றேன்னு சொல்ற 1,000 லிங்கும் இந்த ரகம். நிலம் விற்கிற பக்கம், முடி கொட்டுறதுக்கு எண்ணெய் விற்கிற பக்கம், யாருமே படிக்காத பக்கம், இதுலயெல்லாம் நம்ம ஊறுகாய்ப் பேரைச் செருகி வைப்பாங்க.

"சரி, பிரயோஜனம் இல்லாட்டியும் கெடுதல் இல்லையே"ன்னு பொருளாளர் அக்கா கேட்டாங்க. நல்ல கேள்வி. அமெரிக்காவில் ஜே.சி. பென்னி என்று ஒரு பெரிய ஜவுளி, வீட்டுச் சாமான் கடை. 2010 கடைசியில் கூகுளில் உடுப்பு, படுக்கை விரிப்பு என்று எதைத் தேடினாலும் அந்தக் கடைதான் முதலில் வந்தது. எப்படின்னு பார்த்தா, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் காசு கொடுத்து லிங்க் போட்டிருந்தாங்க. 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை இதை வெளியில் கொண்டுவந்தது. கூகுள் தண்டனை போட்டது. ஒரு கம்பெனி சூட்கேஸைத் தேடினால் முதல் இடத்தில் வந்துகொண்டிருந்த கடை, ரெண்டு மணி நேரத்தில் 71-வது இடத்துக்குப் போயிருச்சு. அந்தக் கடைக்காரங்க, "இதை நாங்க செய்யச் சொல்லலை"ன்னு சொன்னாங்க. வேலைக்கு வச்ச கம்பெனியை நீக்கினாங்க. அப்படியும் இடம் கீழே போகத்தான் செஞ்சது. செஞ்சது யாரா இருந்தாலும் விழுறது வெப்சைட் பேரில்தான். அவ்வளவு பெரிய கடை விழுந்தாத் தாங்கிக்கும், நாம தாங்குவோமா?

அடுத்த வருஷம், 2012 ஏப்ரலில், பென்குயின் என்று பேர் வைத்து இந்த மாதிரி லிங்கைப் பிடிக்கவே கூகுள் ஒரு மாற்றம் கொண்டுவந்தது. இப்பல்லாம் அப்படிப்பட்ட லிங்கைப் பெரும்பாலும் கணக்கிலேயே சேர்க்கிறதில்லை. ஆளே உட்கார்ந்து பார்த்துத் தண்டனை போடுறதும் உண்டு. ஆக, 15,000 ரூபாய் போச்சுன்னு வைங்க, ஒண்ணு கிணத்துல போட்ட கல்லு, இல்லைன்னா காலை வாரிவிடும்.

அப்ப நாம என்ன செய்யலாம்? வெப்சைட்டில் நாலு படமும் விலையும் மட்டும் இருந்தா யாரு கை காட்டுவா? படிக்கிறதுக்கு ஏதாவது இருக்கணும். நம்ம ஆர்டர் போனை எடுக்கிறவங்களைக் கேளுங்க, வர்ற கேள்வியெல்லாம் ஒரே மாதிரிதான். "இது நெசமான மலைப்பூண்டா, எப்படித் தெரியும்?" "என்ன எண்ணெய்?" "ஃபிரிட்ஜில் வைக்கணுமா?" "பிள்ளை பெத்தவளுக்குக் கொடுக்கிற பூண்டுக் குழம்பு எப்படி வைக்கிறது?" இந்தக் கேள்வியைத்தான் ஜனங்க கூகுளிலும் கேட்கிறாங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு பக்கம் எழுதினாப் போதும். இதுக்கு இங்கிலீஷ் படிப்பு வேண்டாம்; நம்ம குழுக்களில் அறுபது வயசு தாண்டின அம்மாக்கள் இருக்காங்களே, அவங்க சொல்லச் சொல்ல நான் டைப் அடிக்கிறேன். பூண்டைக் கட்டுக்கட்டாக் கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிட்டு வைக்கிறதை மலைக்காரங்க சொல்லக் கேட்டிருக்கீங்க. அதைப் படத்தோட எழுதினா, சென்னையில் இருக்கிறவங்களும் வெளிநாட்டில் இருக்கிறவங்களும் படிப்பாங்க. படிச்சவங்கதான் நாலு பேருக்குக் கை காட்டுவாங்க.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானலில் இருக்கிற அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. நாம எழுதுறப்ப, பூண்டு மன்னவனூரா, பூம்பாறையா, கவுஞ்சியா, எந்த ஊரில் எந்த மாசம் எடுத்ததுன்னு எழுதணும். வெளி மாநிலப் பூண்டை மலைப்பூண்டுன்னு விற்கிறவங்க இருக்காங்க. வடுகபட்டிச் சந்தையில் வாங்கினோம்னா, வடுகபட்டின்னே எழுதுவோம். என்ன இப்போ?

ஊர்ப் பேரும் ஒரு விஷயம். தமிழில் வத்தலக்குண்டு என்று 'க்' போட்டும் எழுதுறாங்க, போடாமலும் எழுதுறாங்க. இங்கிலீஷில் பட்லகுண்டு என்கிற மாதிரி ஒரு பழைய எழுத்து, வத்தலகுண்டு என்று ஒண்ணு. வெளியூர்க்காரர் எதைப் போட்டுத் தேடுவார்னு நமக்குத் தெரியாது. அதனால நம்ம பக்கத்தில் எல்லாமே இருக்கட்டும்.

யார்கிட்ட லிங்க் கேட்கலாம்? நமக்கும் அவங்களுக்கும் ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருக்கணும். பூம்பாறை, மன்னவனூர் பக்கம் வீட்டையே வாடகைக்கு விடுறவங்க நம்ம ஊறுகாயைத்தான் சாப்பாட்டு மேஜையில் வைக்கிறாங்க. அவங்க வெப்சைட்டில் "இந்த ஊறுகாய் இங்கே கிடைக்கும்"னு ஒரு வரி போடச் சொல்லலாம். 'இங்கே அழுத்தவும்'னு மட்டும் போடாம, 'மலைப்பூண்டு ஊறுகாய்' என்ற வார்த்தையிலேயே லிங்க் இருந்தா நல்லது; எதைப் பற்றின பக்கம்னு கூகுளுக்கு அதுலதான் புரியும். தாண்டிக்குடியில் நமக்கு மிளகு கொடுக்கிற தோட்டக்காரர், மதுரையில் சமையல் எழுதுற ஒரு அம்மா, நாம பயிற்சிக்குப் போய் வந்த நிறுவனங்கள், மகளிர் திட்ட அலுவலகம், இவங்களையும் கேட்கலாம். மதி பிராண்டுக்கும், மத்திய அரசின் இ-சரஸ் கடைக்கும் நம்ம பொருளைச் சேர்க்க விண்ணப்பம் கொடுப்போம். ஒரு வருஷத்தில் இப்படி அஞ்சு, பத்து கிடைச்சாலே போதும்.

வாட்ஸ்அப்பில் லிங்க் அனுப்புறீங்களே, அது தப்பில்லை, ஆள் வரும். ஆனா அந்தப் பேச்சு கூகுள் கண்ணுக்குத் தெரியாது, கணக்கில் சேராது. ரெண்டும் வேற வேற வேலை.

இன்னொண்ணு காசே இல்லாம முடியும். 2024 மே 7-லிருந்து, உயர்நீதிமன்ற உத்தரவுப்படி, சுற்றுலா வண்டியில் கொடைக்கானல் போறவங்க போனில் இ-பாஸ் எடுத்துட்டுத்தான் மலை ஏறணும். அதாவது, நம்ம ஊரைத் தாண்டுற ஒவ்வொரு வண்டியிலும் யாராவது ஒருத்தர் கையில் போன் திறந்திருக்கு. கூகுள் மேப்பில் நம்ம விற்பனை நிலையத்தைப் பதிவு பண்ணி, திறக்கிற நேரம், போன் நம்பர், நாலு படம் போட்டா, வழியிலேயே கண்ணில் படும். இதுக்கு ஒரு பைசா கட்டணம் இல்லை. யாராவது காசு கேட்டா, கொடுக்காதீங்க.

கடைசியா ஒரு விஷயம், இதைத் தீர்மானத்தில் சேர்க்கச் சொல்றேன். வெப்சைட் பேரு இப்ப அதைச் செஞ்சு கொடுத்தவர் பேரில் இருக்கு. பாஸ்வேர்டும் அவர்கிட்டதான். பாங்கு பாஸ்புக்கை நாம அடுத்தவங்க வீட்டில் வைப்போமா? அதைக் கூட்டமைப்புப் பேருக்கு மாற்றி, பாஸ்வேர்டைத் தலைவி, செயலாளர், பொருளாளர் மூணு பேரும் வைச்சுக்கணும். அந்த 15,000 ரூபாய் பொது நிதியிலேயே இருக்கட்டும். வருஷக் கட்டணம் கட்டவும், மலைக்குப் போய் நல்ல படம் எடுக்கப் பஸ் செலவுக்கும் அதில் கொஞ்சம் எடுத்தாப் போதும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு குழுவும் வாடிக்கையாளர் கேட்ட மூணு கேள்வியை ஒரு தாளில் எழுதிக் கொண்டு வாங்க. பதில் தெரிஞ்ச அம்மாவையும் கூடவே கூட்டிட்டு வாங்க. டைப் அடிக்க நான் இருக்கேன்.