கடனாகப் போன பெயர்



நாம் இன்று கூடியிருக்கும் புக்கிட் பாஞ்சாங்கின் பெயர், மலாய்மொழியில் 'நெடிய குன்று' எனப் பொருள்படும். அம்மொழியிடம் நாம் ஊர்ப்பெயர்களைப் பெற்றோம். சொற்களைத் தந்தும் இருக்கிறோம். நம் 'கடை' அங்கே 'கெடாய்' ஆயிற்று. வணிகத்தில் இடும் 'முதல்', 'மோடால்' ஆயிற்று. இவ்விரண்டும் பொருள் குன்றாமல் வாழ்கின்றன. 'செட்டி' என்னும் சொல்லின் கதை வேறு.

வணிகர்தம் பட்டப்பெயரான அச்சொல், மலாயில் 'செத்தி' என வட்டிக்குப் பணம் கொடுக்கும் இந்தியரைக் குறிக்கலாயிற்று. காரணம் விளங்காததன்று. மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் என அமர்ந்து கணக்கெழுதிய நகரத்தாரை, பிறர் பெரும்பாலும் கடன் வாங்கும் வேளையில்தான் கண்டனர். அவர்கள் 1859இல் தேங்க் ரோட்டில் எழுப்பிய தெண்டாயுதபாணி ஆலயம் அச்சொற்பொருளில் இடம்பெறவில்லை.

உரோமிலும் இவ்வாறே நிகழ்ந்தது. வட்டிக்குக் கொடுப்பவரைக் குறிக்க இலத்தீனில் 'ஃபேனெராத்தோர்' என்னும் சொந்தச் சொல் இருந்தது. இருந்தும், கி.மு. 184இல் மறைந்த நாடகாசிரியர் பிளாட்டஸ், கிரேக்கரின் 'தனெய்ஸ்தேஸ்' என்பதைத் 'தனிஸ்தா' ஆக்கி மேடையேற்றினார். அவருடைய 'மொஸ்டெல்லாரியா' நாடகத்தில், வட்டியைக் கேட்டுக் கூச்சலிட்டு நகைப்புக்கு ஆளாகும் வட்டிக்காரருக்கு அதுவே பெயர். கிரேக்கத்தில் அதன் அடிச்சொல்லான 'தானோஸ்' கொடையையும் குறித்தது. கொடையின் மணம் கடல் கடக்கவில்லை. கடுமை மட்டும் கடந்தது.

பிறரைக் குறை கூறுமுன் நம் நாவையும் நோக்குவோம். தமிழகத்தில் அடகுக் கடையைச் 'சேட்டுக் கடை' என்கிறோம். 'சேட்' வடநாட்டு வணிகரின் மதிப்புப் பெயர். அதுவும் 'செட்டி'யும் 'சிரேஷ்டி' என்னும் ஒரே வடசொல்லின் வழிவந்தவை என்பர். நம் பெயருக்கு மலாயில் நேர்ந்ததையே, அதன் உடன்பிறப்புக்கு நாம் செய்திருக்கிறோம்.

ஆசிரியர்களே, கடன்சொற்களைப் பட்டியலாக மட்டும் கற்பிக்காதிருப்போம். மாணவர்களே, அயலாரைச் சுட்டும் சொல்லொன்று வாயில் வரும்போது, அவர் தம்மை எப்படி அழைத்துக்கொள்கிறார் என்று ஒருமுறை கேட்போம். பல இனத்தார் அடுத்தடுத்த கதவுகளில் வாழும் இவ்வூரில், அக்கேள்வியும் மொழிப்பாடமே.