காலை நம்பர் மட்டும் போதாது

இன்னைக்குப் பேசப்போறது நம்ம வீட்டு டிவி ஷெல்ஃப்ல ஒரு கறுப்புப் பைக்குள்ள கிடக்குமே, அந்த குளுக்கோமீட்டரைப் பத்தி.

ஐசிஎம்ஆரும் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷனும் செஞ்ச ஆய்வு 2023ல வெளிவந்தது. இந்தியாவுல சுமார் 10 கோடி பேருக்கு சர்க்கரை நோய் இருக்குன்னு அது சொல்லுது. அதனால உங்க வீட்டுலயும் ஒருத்தர் இருக்கலாம். எங்க வீட்டுல அப்பா.

வாரம் ஒரு நாள், காலைல காபிக்கு முன்னாடி டெஸ்ட் பண்ணுவார். 115, 120ன்னு வரும். "நார்மல்"னு நோட்டுல எழுதி வைப்பார். போன வருஷம் எச்பிஏ1சி எடுத்தோம். 8.6. "லேப்ல தப்பு"ன்னார். வேற இடத்துல எடுத்தோம். அதேதான்.

உண்மையில ரெண்டு நம்பருமே சரி. மீட்டர் காட்டுறது அந்த நிமிஷத்து சர்க்கரை. எச்பிஏ1சி, ரத்தச் சிவப்பணுவுல எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்குன்னு பார்க்குது. அந்த அணு சுமார் 120 நாள் வாழும். அதனால அது கடைசி ரெண்டு மூணு மாசக் கணக்கு. 8.6ன்னா சராசரி கிட்டத்தட்ட 200. காலைல 118 இருக்கிறவருக்குச் சராசரி 200 வருதுன்னா, மிச்ச நேரத்துல ஏறுதுன்னு அர்த்தம்.

எப்போ ஏறுதுன்னு தெரிய ஆறு ஸ்ட்ரிப் போதும். சாப்பாட்டுக்கு முன்னாடி ஒண்ணு, சாப்பிட ஆரம்பிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒண்ணு. முதல் நாள் காலை, மறுநாள் மதியம், மூணாம் நாள் ராத்திரி. பக்கத்துல என்ன சாப்பிட்டார்னும் எழுதணும்.

அப்பாவுக்கு நாலு இட்லிக்கு 121லேருந்து 236. மதியம் சாதத்துக்கு 262. ராத்திரி சப்பாத்திக்கு 205. "சப்பாத்தி ஏறாதுன்னு சொன்னாங்களே!"ன்னார். கோதுமையும் மாவுச்சத்துதான்; எத்தனை சப்பாத்திங்கிறதுதான் கணக்கு. அப்புறம் ரெண்டு இட்லி, கூட ஒரு முட்டை, சாப்பிட்டுட்டு மொட்டை மாடியில கால் மணி நேரம் நடைன்னு மாத்திப் பார்த்தோம். 174 வந்தது. பொதுவா 180க்குக் கீழே இருக்கணும்பாங்க. உங்க வீட்டுல எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

டெஸ்டுக்கு முன்னாடி கையை சோப்பு போட்டுக் கழுவித் துடைக்கணும். மாம்பழம் நறுக்கின விரல்ல குத்தினா நம்பர் தப்பா ஏறும். விரல் நுனியில இல்லாம பக்கவாட்டுல குத்தினா வலி குறைவு. 140க்கும் 150க்கும் நடுவுல பயப்பட ஒண்ணுமில்லை, மீட்டருக்கே அவ்வளவு வித்தியாசம் உண்டு.

பயப்பட வேண்டியது வேற ஒண்ணு இருக்கு: லோ சுகர். இன்சுலின் போடறவங்களுக்கும், கிளிமிப்ரைடு மாதிரி மாத்திரை எடுக்கிறவங்களுக்கும் சாப்பாடு தள்ளிப்போனா சர்க்கரை இறங்கலாம். ஒரு கல்யாணத்துல பந்தி லேட். அப்பாவுக்குக் குப்புனு வேர்த்தது, கை நடுங்குச்சு, பேச்சு குழறுச்சு. அம்மா சுகர் ஏறிடுச்சுன்னு நினைச்சு, பக்கத்துல இருந்தவர் நீட்டின ஜூஸைத் தடுத்தாங்க. மீட்டர் 58 காட்டுச்சு. 70க்குக் கீழே போனா உடனே இனிப்பு வேணும்: மூணு டீஸ்பூன் சர்க்கரை தண்ணியில கரைச்சுக் கொடுங்க, 15 நிமிஷம் கழிச்சு மறுபடி டெஸ்ட் பண்ணுங்க. மீட்டர் கையில இல்லைன்னாலும் இந்த அறிகுறி இருந்தா கொடுத்துடுங்க. நினைவு இல்லைன்னா வாயில எதுவும் ஊத்தாதீங்க, 108க்குக் கூப்பிடுங்க.

இந்தக் கணக்கெல்லாம் எழுதின நோட்டை டாக்டர்கிட்ட காட்டினோம். அவங்க மாத்திரையை மாத்தினாங்க. அதை நாமளா செய்யக்கூடாது.

கடைசியா, நம்ம தலைமுறைக்கு ஒரு விஷயம். 262ன்னு பார்த்ததும் "என்னப்பா தின்னீங்க?"ன்னு கத்தத் தோணும். கத்தினா அடுத்த தடவை நோட்டுல 130ன்னு எழுதிடுவாங்க, இல்லைன்னா மீட்டரையே தொட மாட்டாங்க. அது பரீட்சை மார்க் இல்லை. "ஓ, இந்தச் சாப்பாட்டுக்கு இவ்வளவா, நாளைக்கு என்ன மாத்தலாம்?"னு கேளுங்க. அப்போதான் உண்மையான நம்பர் நோட்டுல வரும்.

இந்த வாரம் ஆறு ஸ்ட்ரிப் செலவு பண்ணிப் பாருங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.