ஒரு பீப்பாய், மூன்று நாள்



லண்டனின் வடகிழக்குப் பக்கம், எங்கள் தெருமுனையில் ஒரு ஹார்ட்வேர் கடை இருந்தது. ஆணி, பெயின்ட், குழாய்க்கு வாஷர், எது தேவைப்பட்டாலும் அங்கேதான் ஓடுவோம். கடைக்காரர் உடம்புக்கு முடியாமல் போய்க் கடையை மூடிவிட்டார். இரண்டு வருஷம் ஷட்டர் ஏறவே இல்லை. பிறகு ஒருநாள் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. கிராஃப்ட் பீர் பார் வரப்போகிறதாம்.

அன்று மாலையே பக்கத்து வீட்டுப் பெரியவர் என் கதவைத் தட்டினார். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஆங்கிலேயர். எழுபது தாண்டியாயிற்று. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு தனிக்கட்டை. முப்பது வருஷமாக அவர் போய்வந்த பப்பை இடித்து அடுக்குமாடிக் குடியிருப்பு கட்டிவிட்டார்கள். அதற்குப் பிறகு சாயங்காலமானால் எங்கே போவதென்று தெரியாமல் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார். அந்தத் தாளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

குடிப்பழக்கம் இல்லாத நேயர்களும் கொஞ்சம் கேளுங்கள். பப் என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். பொது வீடு என்று பொருள். நம் ஊரில் பார் என்றதும் மனத்தில் எழும் காட்சி வேறு. இங்கே அந்தச் சொல்லுக்குள் இருப்பது வேறு. தெருவில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் கூடம் அது. ஜார்ஜ் ஆர்வெல் 1946 பிப்ரவரியில் ‘ஈவ்னிங் ஸ்டாண்டர்ட்’ பத்திரிகையில், தன் மனத்துக்குப் பிடித்த பப் எப்படி இருக்கும் என்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் பீரைப் பற்றிய வரிகளைவிட மற்றவைதான் அதிகம். பேசுவதற்கு ஏற்ற அமைதி வேண்டும், வானொலியோ பியானோவோ கூடாது, பரிமாறும் பெண்களுக்கு வருகிறவர்களைத் தெரிந்திருக்க வேண்டும், தபால்தலை கிடைக்க வேண்டும், பிள்ளைகள் ஓடியாட ஒரு தோட்டம் வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டு, அப்படி ஓர் இடம் உண்மையில் இல்லை என்றும் ஒப்புக்கொண்டார்.

எங்களுக்கு நம்பிக்கை வர இன்னொரு காரணமும் உண்டு. 2005-இல் கென்ட் பகுதியில் ஹெர்ன் என்ற கிராமத்தில், இறைச்சிக்கடையாக இருந்த ஒரு சின்ன இடத்தை மார்ட்டின் ஹிலியர் என்பவர் பப்பாக மாற்றினார். பாட்டு கிடையாது, டிவி கிடையாது. பீப்பாய் பீர், நாலு பெஞ்சு, பேச்சு. இதற்கு மைக்ரோபப் என்று பெயர் வந்தது. பிறகு நாடு முழுக்க மூடிக்கிடந்த சின்னச் சின்னக் கடைகளில் அதே மாதிரி பப்புகள் முளைத்தன. எங்கள் ஹார்ட்வேர் கடையும் அப்படித்தான் ஆகப்போகிறது என்று நினைத்தோம்.

திறந்த வெள்ளிக்கிழமை இருவரும் போனோம். பெரியவர் கோட்டை பிரஷ் பண்ணிப் போட்டுக்கொண்டு வந்தார்.

சுவரில் இருபது குழாய். மேலே பலகையில் இருபது பெயர், பக்கத்தில் ஆல்கஹால் சதவீதம். அநேகமாக எல்லாமே ஆறு, ஏழு சதவீதம். நான் வாங்கியது கலங்கலான மஞ்சள் நிறத்தில் இருந்தது, ஹாப்ஸ் பூவை அள்ளிப் போட்டதில் மாம்பழ வாசனை அடித்தது. பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சி. ஆனாலும் நேர்த்தியாகச் செய்த பீர். அதை நான் குறை சொல்ல மாட்டேன்.

குறை மற்றதில் இருந்தது. ஆளுயர மேசை, கால் எட்டாத ஸ்டூல். முழங்கால் வலியுள்ளவர் அதில் ஏறி உட்கார முடியாது. தரை சிமென்ட், மேசை தகரம், கூரையில் வெறும் குழாய்கள். பழைய பப்புகளில் கம்பளமும் மெத்தை வைத்த பெஞ்சும் திரைச்சீலையும் சத்தத்தை விழுங்கிக்கொள்ளும். இங்கே விழுங்க எதுவும் இல்லை. சிரித்தாலும் தம்ளர் வைத்தாலும் சுவரில் மோதித் திரும்பி வந்தது. அதற்கு மேல் பாட்டு. பெரியவர் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பணத்தாளை நீட்டினார், கார்டு மட்டும்தான் என்றார்கள். நான் கொடுத்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு சுற்று தன் காசில் வாங்கித் தருவது இங்கே மரியாதை சம்பந்தப்பட்ட விஷயம். இருபது நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டோம்.

வீடு வரும்வரை அவர் பேசவில்லை. கேட் பக்கம் நின்று ஒன்றே ஒன்று கேட்டார்: அங்கே கைப்பம்பு ஒன்றுகூட இல்லையே, கவனித்தாயா?

அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் பிறகுதான் புரிந்தது. அதைக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும்.

பீர் பப்புக்கு இரண்டு விதமாக வரும். ஒன்று கெக். ஈஸ்ட்டை வடிகட்டியோ வடிகட்டாமலோ, கேஸ் அழுத்தத்தில் அடைத்த உலோக உருளை. காற்று உள்ளே போகாது. வாரக்கணக்கில் கெடாது. இன்னொன்று காஸ்க், அதாவது பீப்பாய். அதில் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். அரைத்த இட்லி மாவு பாத்திரத்திலேயே பொங்கி வருகிற மாதிரி, பப்பின் நிலவறைக்கு வந்த பிறகும் பீர் பீப்பாய்க்குள் நொதித்துக்கொண்டே இருக்கும். கடைக்காரர் அடைப்பைத் தளர்த்திக் கேஸை வெளியேற்றி, மண்டி அடியில் படியும்வரை காத்திருந்து, சுமார் 12 டிகிரியில் வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் மேலே கவுண்டரில் இருக்கும் கைப்பம்பை இழுத்துத்தான் அதைத் தம்ளருக்குக் கொண்டுவருவார்கள். வரும் பீருக்குப் பதிலாக உள்ளே காற்று போகும். போனதும் கணக்கு தொடங்கிவிடுகிறது. மூன்று நாள் தாண்டினால் சுவை விழுந்துவிடும், பிறகு புளிப்பு.

ஃபெர்கின் என்கிற வழக்கமான பீப்பாயில் ஒன்பது கேலன். பைண்ட் கணக்கில் 72 கிளாஸ். மூன்று நாளில் 72 கிளாஸ் போக வேண்டும். என்றோ ஒருநாள் வந்துபோகிறவர்களை நம்பி இதைத் திறக்க முடியாது. திங்கட்கிழமை மழையிலும் வருகிற ஆள் வேண்டும். அந்த ஆளுக்கு உட்கார வசதியான பெஞ்சு வேண்டும், பேச்சுக் காதில் விழ வேண்டும். நாலு சதவீதத்துக்கு உட்பட்ட பீராக இருந்தால்தான் இரண்டு மூன்று கிளாஸை வைத்துக்கொண்டு மாலை முழுக்கப் பேசலாம். ஏழு சதவீதத்தில் ஒன்றோடு எழுந்துவிட வேண்டியதுதான். பீப்பாய் வைத்த கடைக்குத் தெருக்காரர்களின் தயவு வேண்டும். கெக் வைத்த கடைக்கு அந்தத் தேவை இல்லை. நாங்கள் வராவிட்டாலும் அந்தக் குழாய்களில் இருப்பது கெட்டுப்போகாது. எங்களுக்கு ஏற்பட்ட ஏமாற்றத்தின் வேர் அங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

பெரியவருக்கு இது பழைய வலி. அவர் வாலிபராக இருந்தபோது பெரிய மதுபான நிறுவனங்கள் இதே காரணத்துக்காக, கெடாது, வீணாகாது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டாம் என்று, பப்புகளைக் கெக்குக்கு மாற்றிக்கொண்டிருந்தன. அதைப் பொறுக்காமல் 1971-இல் அயர்லாந்துக்கு விடுமுறைக்குப் போன நான்கு இங்கிலாந்து இளைஞர்கள் தொடங்கிய அமைப்புதான் கேம்ரா. பீப்பாய் பீரை அழியவிடாமல் காத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. கிராஃப்ட் பீர்க்காரர்களும் பெரிய நிறுவனங்களின் சாரமற்ற பீரை எதிர்த்து வந்தவர்கள்தானே, அவர்கள் கடையில் ஒரு கைப்பம்பாவது இருக்கும் என்று அவர் எதிர்பார்த்ததில் தவறு இல்லை.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து நான் மட்டும் போனேன். முதலாளி இளைஞர். சேமிப்பையெல்லாம் போட்டுக் கடை திறந்தவர். எங்கள் குறைகளைச் சொன்னேன், கோபப்படாமல் கேட்டுக்கொண்டார். பாட்டைக் குறைப்பது பிரச்சினை இல்லை, பின்பக்கம் இரண்டு தாழ்ந்த மேசை போடலாம் என்றார். பீப்பாய் என்றதும் தயங்கினார். மூன்று நாளில் 72 கிளாஸ் இந்தத் தெருவில் போகுமா, மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்ற என்னால் முடியாது என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

பெரியவரிடம் வந்து சொன்னேன். அவர் உடனே, ‘பின்’ என்று ஒரு பீப்பாய் உண்டு, ஃபெர்கினில் பாதி, 36 கிளாஸ்தான் என்றார். மின்சார பில் வந்த உறையைத் திருப்பிப்போட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, எங்கள் தெருவில் யார் யார் வருவார்கள் என்று ஒவ்வொரு வீடாக எழுதத் தொடங்கினார். 14-ஆம் எண் வீட்டில் இரண்டு பேர். எதிர்வீட்டுச் செவிலியர், ஞாயிறு மட்டும். பழைய பப்பில் அவரோடு டார்ட்ஸ் விளையாடிய நண்பர், இப்போது இரண்டு தெரு தள்ளி. என் பெயருக்கு எதிரே ஒன்று என்று எழுதிவிட்டு, என்னை நிமிர்ந்து பார்த்து, அதை அடித்து இரண்டு என்று திருத்தினார்.

நேற்று இரவு கணக்கு 31-இல் நின்றது.